மூன்று வெட்டு

எங்கள் முதலாளியிடம் இருந்த பழைய மோட்டார் வண்டியின் கதவைச் சாத்தினால் ஒரே ஒரு சத்தம்தான் வரும். கனமான, குறுகிய சத்தம். நெல் மூட்டையை முதுகிலிருந்து இறக்கி வைத்த மாதிரி இருக்கும். அதோடு முடிந்தது. புது வண்டி வந்த அன்று டிரைவர் அதன் கதவைச் சாத்திய பிறகும் உள்ளே ஏதோ ஒன்று கொஞ்ச நேரம் லொடலொடவென்று ஆடிவிட்டு நின்றது. "தகரம்" என்றேன் நான். அந்த ஒரு வார்த்தையோடு வாயை மூடியிருந்தால் அடுத்த இரண்டு வருஷம் நிம்மதியாக இருந்திருப்பேன். ஆனால் எனக்கு வாய் நீளம். என் மனைவியைக் கேட்டால் இன்னும் விவரமாகச் சொல்லுவாள்.

நான் ஆம்பூரில் ஒரு தோல் கிடங்கில் தரம் பிரிக்கிறவன். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரைக்கும் படித்துவிட்டுச் சுண்ணாம்புக் குழிக்கு வேலைக்குப் போனேன். ஒன்பது வருஷம் அந்தக் குழி. சுண்ணாம்புத் தண்ணீர் விரல் இடுக்கிலும் கால் வெடிப்பிலும் புகுந்து தின்றுவிடும். குழம்பு ஊற்றிச் சோற்றைப் பிசைந்தால் கண்ணில் தண்ணீர் வரும். என் கைக்குத் தோலின் குணம் தெரிகிறது என்று எப்படியோ கவனித்த முதலாளி ஒருநாள் என்னை மேலே கூப்பிட்டு, வடக்குப் பார்த்த ஜன்னலோரம் இருந்த நீள மேஜையில் நிறுத்தினார். காலடியில் உலர்ந்த தரை. முதல் வாரம் முழுவதும் என் கால்களை நானே பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

வேலை இதுதான். ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறி, கடுக்காயில் நிறம் தெளிந்து, எண்ணெய் தடவிக் காய்ந்து வரும் தோல்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க வேண்டும். தடவ வேண்டும், மடிக்க வேண்டும், ஓரத்தில் கத்தியால் கொஞ்சம் சீவி உள்ளே பட்டை முழுக்க இறங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சீவிய இடத்தில் நடுவே வெளிறிய கோடு தெரிந்தால் உள்ளே இன்னும் பச்சை என்று அர்த்தம். அந்தத் தோல் ஈரம் பட்டால் அழுகிவிடும். வெட்டிப் பார்க்காமல் தோலைப் பற்றி யாரும் வாய் திறக்கக்கூடாது என்பது எங்கள் பக்கத்தில் எழுதாத சட்டம்.

பார்த்து முடித்ததும் வாலோரத்தில் கத்தியால் அடையாளம் போடுவேன். முதல் தரத்துக்கு ஒரு வெட்டு, இரண்டாவதற்கு இரண்டு, மூன்றாவதற்கு மூன்று. முதல் இரண்டும் கட்டாகி மெட்ராஸ் போய்க் கப்பலேறி லண்டன் ஏலத்துக்குப் போகும். மூன்றாம் தரம் கப்பலைப் பார்க்காது. மெட்ராஸிலேயே கிடைத்த விலைக்குப் போய்விடும். முதல் இரண்டு தரத்தையும் மடித்து அடுக்குவேன். மூன்று வெட்டுப் போட்டதை நின்ற இடத்திலிருந்தே மூலைக் குவியலை நோக்கி வீசுவேன். நான் இடது கைக்காரன். என் வெட்டு மற்றவர்கள் வெட்டுக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும். அதனால் எங்கள் தோல் எங்கே போனாலும் இது இவன் கை என்று கண்டுபிடித்துவிடலாம். இதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு.

பழைய வண்டி ஒரு ஜமீன்தார் வீட்டிலிருந்து வந்தது. ஜெர்மன் சண்டை முடிந்த பிறகு மெட்ராஸ் தரகர் ஒருவர் மூலமாக முதலாளி வாங்கினார். ஆணி முதல் அச்சு வரைக்கும் சீமையில் செய்தது என்று தரகர் சொன்னார், நாங்கள் நம்பினோம். பித்தளை விளக்குகள் இரண்டும் கோயில் குத்துவிளக்கின் கனம் இருக்கும். பின்சீட்டில் இருப்பவர் டிரைவரோடு பேசுவதற்கு ஒரு குழாய் இருந்தது. முதலாளி அதைத் தொட்டதே இல்லை. டிரைவரின் முதுகைப் பார்த்துச் சத்தம் போடுவதுதான் அவருக்கு வசதி. பூ வைப்பதற்கென்று ஒரு வெள்ளிக் குவளை பின்பக்கத்தில் மாட்டியிருந்தது. அதில் அவர் பல் துலக்கும் குச்சிகளை வைத்திருந்தார்.

ஆனால் என் கண் போனது சீட்டின் மேல். கரும்பச்சைச் சாயமிட்ட கனத்த தோல். விரலால் அழுத்தினால் உள்ளே போய்த் திரும்பி வரும். பத்து வருஷத்து வெயிலுக்கும் முதலாளியின் எடைக்கும் அது ஒரு இடத்திலும் வெடிக்கவில்லை. மாதத்துக்கு இரண்டு தடவை மாதிரித் தோல்களைத் தூக்கிக்கொண்டு முதலாளியோடு நானும் மெட்ராஸ் போவேன். டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, வேலூர் தாண்டுவதற்குள் அந்தச் சீட்டைப் பற்றி ஒருமுறையாவது பேசிவிடுவேன்.

"இது சீமை மாடு. அது தின்ற புல்லு வேற, குடிச்ச தண்ணி வேற. நம்ம பக்கத்து மாட்டுத் தோலு இந்த மாதிரி வராது. உள்ள வெச்சிருக்கறதும் குதிர முடி. அழுத்திப் பாரு, தெரியும்."

டிரைவர் காட்பாடிக்காரன், என்னைவிடப் பத்து வயது சின்னவன். "நீங்க சொன்னா சரிண்ணே" என்பான். ஸ்டார்ட் செய்யும் கைப்பிடி திருப்பி அடித்து அவன் மணிக்கட்டு இரண்டு தடவை பிசகியிருந்தது. பித்தளை விளக்கை அவன்தான் சாம்பல் போட்டுத் துலக்க வேண்டும். அதனால் அந்த வண்டியைப் பற்றி அவனுக்கு வேறு அபிப்பிராயம் இருந்திருக்கலாம். நான் கேட்கவில்லை.

அபிப்பிராயத்தைக் கேட்காமலே சொல்லுகிறவள் என் மனைவி. திமிரியில் ஒரு கல்யாணத்துக்கு முதலாளி எங்களை அந்த வண்டியில் அனுப்பி வைத்தார். போகும்போது ராஜா மாதிரி போனோம். திரும்பும்போது ஆற்காட்டுக்கு இந்தப் பக்கம் வண்டி நின்றுவிட்டது. இரண்டு மாட்டைப் பூட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். என் மனைவி பட்டுச்சேலையோடு பின்சீட்டில் உட்கார்ந்திருக்க, வழியெல்லாம் களத்து வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்தார்கள். நான் பழைய வண்டியின் புகழைப் பாட ஆரம்பித்தால் அவள் ஒன்றே ஒன்று கேட்பாள்.

"எந்த வண்டி? ரெண்டு மாடு பூட்டினதே, அதுவா?"

இவையெல்லாம் எனக்கு நினைவில் நிற்காது. கதவுச் சத்தமும் சீட்டும் மட்டும்தான் நிற்கும்.

புது வண்டியும் சீமை வண்டிதான். துரைமார் வைத்திருக்கும் ரகம், பழையதைவிட விலை ஜாஸ்தி. அது கிடங்கு வாசலுக்கு வந்த அன்று வேலையை நிறுத்திவிட்டு எல்லோரும் வெளியே வந்தோம். பித்தளை இல்லை, வெள்ளையாக ஏதோ பூசியிருந்தது. மரச்சட்டம் இருந்த இடத்தில் தகடு. சாம்பல் தட்டும் கிண்ணத்தை முதலாளி இழுத்ததும் அது அவர் கையோடு வந்துவிட்டது. கதவைப் பற்றிச் சொல்லிவிட்டேன். எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் என்பதை மறைப்பானேன். நான் சொன்னபடிதானே இருக்கிறது, வரவர எதையும் ஒழுங்காகச் செய்வதில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேனே.

முதலாளி பின்கதவைத் திறந்து என்னைப் பார்த்தார். "சீட்டு எப்படி? நீ பாத்து சொல்லு."

குனிந்து தடவினேன். வழவழவென்று ஒரே சீராக இருந்தது. மடிப்பு ஒன்றைக் கிள்ளிப் பிடித்தேன். பிறகு நடந்ததை நான் யோசித்துச் செய்யவில்லை. தோலைப் பற்றிச் சொல்லச் சொன்னார்; என் இடுப்பிலிருந்த கத்தி கைக்கு வந்தது; சீட்டின் முன் விளிம்பில், மடிந்து உள்ளே போகும் இடத்தில், ஒரு விரல் நீளத்துக்குச் சீவி விரித்துப் பார்த்தேன்.

 டிரைவர் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றான். அப்போதுதான் எனக்கு நான் நிற்கும் இடம் தெரிந்தது. அது மேஜை இல்லை. மெட்ராஸிலிருந்து அன்று காலையில் வந்த வண்டி.

"ஏம்பா, வண்டி வந்து இன்னும் ஒரு மணி நேரம் ஆவல" என்றார் முதலாளி. அவர் குரலை உயர்த்தவில்லை. "சரி, வெட்டிட்ட. இன்னா தெரியுது, அதயாவது சொல்லு."

வெட்டின வாயில் பார்த்தேன். நடுவில் வெளுப்பாக, லேசான நீலம் கலந்து, பட்டையின் நிறமே இல்லாமல் இருந்தது. மூச்சு வந்தது எனக்கு.

"உள்ள பச்சை, மொதலாளி. மேல சாயத்த பூசி ஏமாத்தியிருக்கான். மழ ஈரத்துக்கு அழுகிடும்."

அவர் முகத்தில் நம்பிக்கையும் இல்லை, கோபமும் இல்லை. தப்புச் செய்தவனுக்கு அந்த மாதிரி முகத்தைப் பார்க்கப் பொறுக்காது. வாசலில் அத்தனை பேர் வேறு. நான் சொன்னேன்: "ரெண்டு மழ தாங்கட்டும். தாங்கிச்சுன்னா நான் கத்திய கீழ வெச்சிட்றேன். மேஜை பக்கமே வரமாட்டேன். மறுபடி சுண்ணாம்புக் குழியில எறங்கறேன்."

"சொன்னா சொன்னதுதான?"

"சொன்னதுதான்."

டிரைவர் செருப்புத் தைக்கிறவரைக் கூப்பிட்டு வெட்டைத் தைத்துவிடலாம் என்று கேட்டதற்கு முதலாளி, "இருக்கட்டும். ரெண்டு மழ போவட்டும்" என்றார். வீட்டில் விஷயம் எனக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. என் மனைவி சாப்பாடு போட்டாள். பிறகு என் விரல்களைப் பார்த்து, "மறுபடியும் இந்தக் கைக்கு வெளக்கெண்ண பூசற வேலைய எனக்குக் குடுத்துடாத" என்றாள். அதில் கேலி இல்லை.

முதல் ஐப்பசி நன்றாகப் பெய்தது. பாலாற்றில் தண்ணீர் ஓடுவதைப் பார்க்கக் கரையில் கூட்டம் நின்றது. எனக்கோ ஜன்னல் வழியாக வண்டிக் கொட்டகைதான் கண்ணில் தெரிந்தது. மத்தியானம் சாப்பாட்டு வேளையில் போய்க் கதவைத் திறப்பேன், அது லொடலொடவென்று ஆடும், வெட்டில் கட்டை விரலை வைத்து அழுத்துவேன், மோந்து பார்ப்பேன். பிசுபிசுப்பு இல்லை, நாற்றம் இல்லை. கார்த்திகை முடியும்வரைக்கும் இப்படித்தான். நம் பேச்சு பலிக்க வேண்டும் என்பதற்காக ஒரு நல்ல பொருள் அழுகிப்போக வேண்டும் என்று தினமும் போய்ப் பார்க்கிறோமே என்று எனக்கே வெட்கமாகத்தான் இருந்தது.

அழுகவில்லை. அந்தத் தை மாதம் மெட்ராஸ் தோல்மண்டியில் யாருக்கோ கேட்பது போல விசாரித்தேன். விஷயம் தெரிந்தது. பட்டையே தொடாமல், ஏதோ மருந்து உப்பில் பதனிடுகிற புது வகைத் தோல் அது. அதற்கு உள்ளே நீல வெளுப்பாக இருப்பதுதான் பக்குவம். தண்ணீரில் போட்டு வேக வைத்தாலும் சுலபத்தில் கெடாது என்றார்கள். அப்படி ஒரு தோல் செருப்புக்கு வருகிறது என்று காதில் விழுந்திருந்தது. கையில் வெட்டிப் பார்த்ததில்லை. திரும்பி வரும்போது வழியெல்லாம் நான் வாய் திறக்கவில்லை.

"இன்னாண்ணே, உடம்பு சரியில்லையா?" என்றான் டிரைவர்.

"கதவு ஆடற சத்தத்துல தலைவலி" என்றேன்.

உண்மையைச் சொல்லப்போனால் அந்த வருஷம் அந்தப் புது வண்டி ஒருநாள்கூட எங்களை வழியில் நிறுத்தவில்லை. ஒரு பொத்தானைத் தொட்டால் கிளம்பியது. டிரைவரின் மணிக்கட்டு பிழைத்தது. வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்கு முதலாளி நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார். முன்பெல்லாம் வண்டி கிளம்பாமல் பாதி வெள்ளிக்கிழமை நடந்தே போவார். கதவுக் கைப்பிடி ஒன்று கழன்றது, ஜன்னல் கண்ணாடி ஒன்று இறங்கினால் ஏறாது, மேல் பூச்சு இரண்டு இடத்தில் உரிந்தது. இவற்றை நான் எண்ணி வைத்திருந்தேன். ஆனால் பந்தயம் சீட்டின் மேல்தான். அந்தச் சீட்டு அப்படியே இருந்தது. முதலாளி தினமும் அந்த வெட்டின் மேல்தான் உட்கார்ந்து எழுந்தார். அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டாரில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

இரண்டாவது மழையும் ஆரம்பித்தது. நான் மேஜையில் நிற்கும்போதெல்லாம் தரையைப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. எனக்கு வயது நாற்பத்தைந்து. குழியில் இறங்கி ஈரத்தோலைத் தூக்கி எறிகிற இடுப்பு இப்போது எனக்கு இல்லை. அந்தச் சமயத்தில்தான் பழைய வண்டியை விலைக்குக் கேட்டுத் திருப்பத்தூரிலிருந்து ஒரு புளி வியாபாரி ஆள் அனுப்பினார். அடுத்த வாரம் நேரில் வருவதாகச் செய்தி.

எனக்கு ஒரு யோசனை பிறந்தது. முதலாளியிடம் போனேன்.

"வண்டிய குடுங்க, மொதலாளி. ஆனா அந்த சீட்டுத் தோல குடுக்காதீங்க. சீமைத் தோலு, இனிமே அப்படி ஒண்ணு வராது. புது வண்டி சீட்ட கழட்டிட்டு இத போட்டுடலாம். அத திருப்பத்தூர்க்காரருக்குப் போட்டுக் குடுத்துடலாம். ரெண்டும் அளவு ஏறக்குறைய ஒண்ணுதான்."

அவர் தாடியைத் தடவிக்கொண்டார். "உனக்கு அந்தத் தோலு மேல அவ்ளோ ஆச. சரி, பிரிச்சுப் பாரு."

வீட்டில் பெருமையாகச் சொன்னேன். என் மனைவி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள்.

"மழ முடியறதுக்குள்ள புது சீட்டு கைமாறிட்டா பந்தயமே இல்ல. அதானே?"

"சீ, சீ. நல்ல தோலு வீணாப் போவுதேன்னு."

"ஆமா, ஆமா" என்றாள். எனக்குக் காது சுட்டது. அவள் சொல்லும்வரை அதுதான் என் எண்ணம் என்று எனக்கே சரியாகத் தெரியாது. தெரிந்துகொள்ளாமல் பார்த்துக்கொண்டேன் என்று சொல்வதுதான் சரி.

மறுநாள் காலை டிரைவரும் நானும் பழைய வண்டியின் பின்சீட்டைக் கழற்றிக் கொட்டகை வாசலில் கவிழ்த்து வைத்தோம். மழை விட்டிருந்தது. அடிப்பலகையில் தோலை மடித்து வரிசையாகக் குமிழாணி அடித்திருந்தது. அவன் குறடால் ஒவ்வொன்றாகப் பிடுங்க, நான் தோல் கிழியாமல் விரலால் விலக்கிக்கொண்டே வந்தேன். ஒரு மூலை விடுபட்டதும் அவன் உள்ளே கைவிட்டு ஒரு பிடி எடுத்தான். பார்த்தான். என்னிடம் நீட்டினான்.

தேங்காய் நார்.

"சீமைக் குதிரைக்கு வால்ல தேங்கா நாரா மொளைக்கும்ண்ணே?" என்றான். பன்னிரண்டு வருஷம் "நீங்க சொன்னா சரிண்ணே" என்று சொன்னவன்.

"உள்ள அடைச்சத மாத்தியிருப்பாங்க. தோலு அதேதான்" என்றேன். ஆனால் கைகள் அவசரப்பட்டன. பின் விளிம்பை விடுவித்துத் தோலைப் புரட்டினேன். புறம் கரும்பச்சை; அகம் எங்கள் கிடங்கில் தினமும் நான் பார்க்கும் நிறம், ஆவாரம்பட்டையின் நிறம். மடித்து ஆணிக்கு அடியில் ஒளித்திருந்த வாலோரம் வெளிச்சத்துக்கு வந்தது.

அதில் மூன்று வெட்டு. மூன்றும் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தன.

ஈர மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அடுத்த தோலையும் டிரைவர் புரட்டினான். அதிலும் மூன்று. சீட்டுக்கு ஐந்து தோல் போட்டிருந்தார்கள். இரண்டில் வாலோரம் மிஞ்சியிருந்தது. இரண்டும் நான் மூலைக்கு வீசியவை. விற்பதற்கு முன்னால் ஜமீன்தாரோ தரகரோ மெட்ராஸில் சல்லிசாகக் கிடைத்த மூன்றாம் தரத்தை வாங்கிச் சாயம் போட்டு மாற்றியிருக்கிறார்கள். சீமை மாட்டைப் பற்றி, அது தின்ற புல்லைப் பற்றி, வேலூர் தாண்டுவதற்குள் நான் சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. புது வண்டியை வந்த அன்றே வெட்டிப் பார்த்தேன். இதைப் பன்னிரண்டு வருஷத்தில் ஒருநாளும் வெட்டிப் பார்க்கத் தோன்றவில்லை.

டிரைவர் நல்லவன். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "திருப்பி ஆணி அடிச்சுடலாம்ண்ணே. அளவு சரியா வரலன்னு சொல்லிட்டாப் போச்சு. யாருக்குத் தெரியப் போவுது" என்றான்.

ஒரு நிமிஷம் அது எனக்கு மிகவும் நல்ல வழியாகப் பட்டது. பிறகு என் மனைவியின் "ஆமா, ஆமா" காதில் விழுந்தது. கத்தியை எடுத்து அந்த வாலோரத்தை உள்ளங்கை அகலத்துக்கு அறுத்துக்கொண்டு எழுந்தேன்.

முதலாளி முன்னறையில் இருந்தார். துண்டை அவர் முன்னால் வைத்தேன். பக்கத்தில் கத்தியையும் வைத்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு துண்டைப் புரட்டினார். விரலால் மூன்று வெட்டையும் தடவினார்.

"உன் கை."

"என் கைதான், மொதலாளி. பழைய வண்டி சீட்டுல இருந்தது. உள்ள அடைச்சது தேங்கா நாரு." ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. "புது வண்டி சீட்டும் அழுகாது. அது வேற பதம்; போன தையிலேயே எனக்குத் தெரியும். சொல்லல. சீட்ட மாத்தலாம்னு கேட்டதும் அதுக்குத்தான். தோத்துட்டேன். நாளையிலேருந்து குழிக்குப் போறேன்."

 மறுபடி துண்டைக் கையில் எடுத்தார். எங்கள் தொழிலில் செய்கிற மாதிரி மடித்தார், இழுத்தார், நகத்தால் கீறினார்.

"பத்து வருஷம் இது மேலதான் உக்காந்தேனா?"

"ஆமா, மொதலாளி."

"மூணாம் நம்பருன்னு நீ வீசினது?"

"ஆமா."

"வெடிச்சுதா?"

"இல்ல."

"நீ கழிச்சுக் கட்டினதே பத்து வருஷம் என்னைச் சொமந்துதுன்னா, ஒண்ணாம் நம்பருன்னு நீ கப்பல்ல ஏத்தினதெல்லாம் எப்படி இருக்கும்?" என்றார். கத்தியை என் பக்கம் தள்ளினார். "மோட்டார் சீட்டு பாக்கறதுக்கு நான் ஒன்ன மேஜையில நிறுத்தல. போ, வேலை கெடக்குது. இனிமே என் வண்டிகிட்ட வர்றப்ப மட்டும் கத்திய வெளிய வெச்சுட்டு வா."

எனக்கு அழுகை வந்தது. அவர் பார்க்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

அடுத்த வாரம் திருப்பத்தூர்க்காரர் வந்தார். உள்ளதைச் சொல்லிவிட வேண்டும் என்று முதலாளி சொல்லியிருந்தார், நானே சொன்னேன். சீட்டு ஆம்பூர்த் தோல், அதிலும் மூன்றாம் தரம், உள்ளே தேங்காய் நார், ஆற்காடு பக்கம் போனால் மாடு தேவைப்படும். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுப் பின்கதவைத் திறந்து ஒருமுறை சாத்தினார். அந்தக் கனமான சத்தம் கேட்டது. மறுபடி திறந்து மறுபடி சாத்தினார். வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கதவைப் பற்றி நான் சொன்னது மட்டும் அன்றைக்கும் சரி, இன்றைக்கும் சரி.

முதலாளி கத்தியைத் திருப்பிக் கொடுத்த அன்றே மத்தியானம் மேஜைக்குப் போனேன். கால் உலர்ந்த தரையில் நின்றது. முதலில் கைக்கு வந்த தோலில் முதுகுப் பக்கம் உண்ணி கடித்த வடு, கழுத்தில் ஒரு கத்திக் கீறல், வயிறு தளர்ந்திருந்தது. எப்படிப் பார்த்தாலும் மூன்றாம் தரம்தான். அதில் தயவு காட்ட என்னால் முடியாது. வாலோரத்தில் மூன்று வெட்டுப் போட்டேன். வீசுவதற்குக் கை ஓங்கியது. இறக்கினேன். தோலை முதுகோடு நேராக மடித்து, எடுத்துக்கொண்டு போய், மூலையில் வைத்துவிட்டு வந்தேன்.